காய்ச்சலுக்குப் பிறகு சர்க்கரை நோயா?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. வைரஸ் காய்ச்சல் வந்துபோன ஒரே மாதத்தில் டைப் 1 சர்க்கரை நோய் என்கிறார்கள். காய்ச்சல்தான் காரணமா? நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனா?

பதில்: முதலில் இரண்டாவது கேள்வி. இல்லை அம்மா, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

டைப் 1-இல் உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது. இது பெரும்பாலும் அறிகுறி தெரிவதற்குப் பல மாதங்கள், ஏன், வருடங்கள் முன்பே தொடங்கிவிடும் என்பதால், போன மாதக் காய்ச்சல் நோயை உண்டாக்கியது என்பதைவிட, ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த இன்சுலினுக்குக் கூடுதல் சுமை கொடுத்து அதை வெளியே காட்டிவிட்டது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் வைரஸுக்குப் பங்கே இல்லையா? இருக்கலாம். காக்ஸாக்கி பி போன்ற என்டரோவைரஸ்கள் மீதுதான் நீண்டகாலமாகச் சந்தேகம். ஆனால் அதே வைரஸ் தொற்றிய பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை, மரபணு வாகும் சேர வேண்டும்.

சரி, இனிமேல்தான் முக்கியம். காய்ச்சலில் பையன் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், அளவை மருத்துவரிடம் கேளுங்கள், சர்க்கரையையும் கீட்டோனையும் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு கரைந்து ரத்தத்தில் சேரும் அமிலம்) அடிக்கடி பாருங்கள். தொடர் வாந்தியோ வேகமான மூச்சோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.