அடைக்கோழிக்கு முட்டை வைப்பதா, எழுப்பி விடுவதா?

நெல்லிக்குப்பம் பக்கத்தில் இருபத்தைந்து வருடமாகக் கொல்லையில் சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி வளர்க்கிறேன். தை பிறந்ததும் ஊரெல்லாம் கோழிகள் அடைக்கு உட்கார ஆரம்பித்துவிட்டன, கேள்விகளும் கூடவே வருகின்றன. கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வில்லியனூரிலிருந்து ஒரு தங்கை: அக்கா, எங்கள் கோழி இரண்டு நாளாகக் கூடையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அடையா, சீக்கா?

கையை அருகில் கொண்டுபோய்ப் பாரும்மா. அடைக்கோழி என்றால் இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல் உப்பும், தொண்டைக்குள் கொர்ரென்று உறுமும், கொத்தவும் வரும். சீக்குக்கோழிக்கு அந்த வீம்பு இருக்காது. தலையைத் தொங்கப் போட்டு, கண் சொருகி, எங்காவது ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கும்.

தூக்கி வாசலில் விட்டால் அடைக்கோழி கேறிக்கொண்டே ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கூடைக்கே ஓடும். வயிற்றைத் தடவினால் இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். முட்டைச் சூடு உடம்பில் படுவதற்காக இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். எச்சத்தையும் கவனி. நாளுக்கு ஒரு தடவை இறங்கி, பெரிய உருண்டையாக, மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றத்தோடு போட்டால் அது அடைதான். பச்சையாகவோ வெள்ளையாகவோ தண்ணீராகக் கழிந்தால் அது கழிச்சல். அன்றே மருத்துவரிடம் கொண்டு போ.

இன்னும் சந்தேகமா? ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் எடுத்துப் போ. மற்றவை எல்லாம் ஏறி அடைந்திருக்க, இது மட்டும் முட்டையிடும் இடத்திலேயே படுத்திருக்கும்.

செம்மண்டலத்திலிருந்து ஒரு சகோதரி: மாடியில் மூன்று கோழிகள், சேவல் கிடையாது. ஒன்று வெறும் கூட்டில் பத்து நாளாகப் படுத்திருக்கிறது. அப்படியே விட்டால் தானாக எழுந்துவிடாதா?

எழலாம். ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். குஞ்சுச் சத்தம் கேட்டால்தான் கோழிக்கு வேலை முடிந்தது என்று புரியும். வெறும் கூட்டில் அது எப்போதும் கேட்காது என்பதால் 21 நாள் தாண்டியும் படுத்தே கிடக்கும். தீனி குறையும், கொண்டை வெளுக்கும், கையில் எடுத்தால் நெஞ்செலும்பு குத்தும். மாடி வெயிலில் இது இன்னும் மோசம். முட்டை வையுங்கள், இல்லாவிட்டால் எழுப்பி விடுங்கள். சும்மா படுக்க மட்டும் விடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

கடை முட்டை வேண்டாம். பண்ணையில் சேவல் இல்லாமல் இடுகிற முட்டை அது, எத்தனை நாள் காத்தாலும் கூமுட்டைதான். சேவலோடு மேய்கிற கோழியின் முட்டை, தெரிந்தவர் வீட்டில் கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

எழுப்புவது என்றால், அடியில் கம்பிவலை போட்ட கூண்டு ஒன்று எடுங்கள். இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, கோழியை உள்ளே விடுங்கள். வைக்கோல், சாக்கு எதுவும் போடக் கூடாது. தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். நிழலும் வெளிச்சமும் உள்ள இடம் நல்லது. அடைக்குக் காரணம் புரோலாக்டின் என்ற சுரப்பு. கதகதப்பான மறைவிடத்தில் வயிற்றை அழுத்திப் படுத்திருக்கும் வரை அது இறங்காது. அடியில் காற்றோடினால் மூன்று, நான்கு நாளில் தெளிந்துவிடும். உங்கள் கோழி பத்து நாள் ஊறிவிட்டது, ஒரு வாரம் கூட ஆகலாம். அப்புறம் மறுபடி முட்டையிட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், பதற வேண்டாம்.

பண்ருட்டியிலிருந்து ஒரு பெரியவர்: எங்கள் காலத்தில் தண்ணீரில் முக்குவோம், மூக்கில் இறகு செருகி விடுவோம். அதற்கு என்ன குறை?

ஐயா, எங்கள் பாட்டியும் செய்தவர்தான், அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூக்கில் இறகோடு அந்தக் கோழி இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் தலையை உதறிக்கொண்டே இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடை தெளிந்தது உண்மை, வலியில் தெளிந்தது. மார்கழிக் குளிரில் முக்கியெடுத்தால் சளியும் பிடிக்கும். கம்பிக் கூண்டில் அதே வேலை நோகாமல் நடக்கும்போது இது எதற்கு? தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பாகூர்த் தம்பி: எத்தனை முட்டை வைக்கலாம் அக்கா? பதினைந்து நாளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

சிறுவிடைக்கு பத்து, பன்னிரண்டு போதும். எல்லா முட்டையும் நெஞ்சுக்குள் அடங்க வேண்டும், ஓரத்தில் எட்டிப் பார்க்கிற முட்டை குளிர்ந்து போகும். ஒற்றைப் படையில்தான் வைக்க வேண்டும் என்பார்கள், வைத்தால் தப்பில்லை, பொரிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பதினைந்து நாள் முட்டை வேண்டாம் தம்பி, குழம்பு வைத்துவிடு. ஒரு வாரத்துக்கு உட்பட்டதுதான் அடைக்கு, சித்திரை வெயிலில் மூன்று நாலு நாளே அதிகம். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி வை. ஃபிரிட்ஜில் வைத்ததை அடைக்கு எடுக்காதே.

இருட்டிய பிறகு வை, கோழி சண்டை போடாது. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு போடு. மற்ற கோழி வந்து இட்டுவிட்டுப் போவது தெரியும், அதை அன்றன்றே எடுத்துவிடலாம். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பார். சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. தெளிவாக இருப்பதை எடுத்துவிடு.

கடலூர் முதுநகரிலிருந்து: அடைக்கூடையில் இரும்பும் கரியும் மிளகாயும் போடச் சொல்கிறார் மாமியார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமாமே?

இடிச் சத்தத்தில் முட்டை கெடாது. மழைதான் கெடுக்கும். கூடை நனைந்தால் முட்டை குளிரும், கோழியும் எழுந்து போய்விடும். மாமியார் மனம் நோகாமல் இரும்பை ஓரமாகப் போட்டுவிட்டு, கூடையை உயரத்தில், சாரல் படாத இடத்தில் வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அடைக்கூடையை அப்படியே தூக்கி அடுப்பங்கரையில் வைத்தேன். ஓடு பறக்கிற சத்தத்திலும் அந்தக் கோழி அசையவில்லை. பன்னிரண்டில் ஒன்பது பொரித்தது.

தவளக்குப்பத்திலிருந்து: வாத்து முட்டை வைக்கலாமா?

தாராளமாக. ஆறு முட்டைக்கு மேல் வேண்டாம். 28 நாள் ஆகும், அதனால் நல்ல உடம்புள்ள கோழியாகப் பார்த்து வையுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: பன்னிரண்டாம் நாள் கோழி எழுந்துவிட்டது. கூடையில் கை வைத்தால் ஏதோ ஊர்கிறது.

கோழிச் செள்ளு. ராத்திரி முழுக்க ரத்தம் உறிஞ்சினால் எந்தத் தாயும் தாங்காது. வைக்கோலை எரித்துவிட்டு, கூடையை வெந்நீர் ஊற்றிக் காய வைத்து, அடியில் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் பரப்புங்கள். முட்டை இன்னும் சில்லிட்டுப் போகாவிட்டால் திருப்பி வைத்துப் பார்க்கலாம். அடைக்கோழி தினமும் கால் மணி நேரம் இறங்கும்போது புரள, சாம்பல் கலந்த மணல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: 21 நாள் முடிந்தது, ஏழு குஞ்சு வந்துவிட்டது. மீதி முட்டையை உடைத்து எடுக்கலாமா?

கூடாது. இன்னும் ஒன்றரை நாள் பொறுங்கள். ஓட்டை நாம் உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும். 23ஆம் நாளும் சத்தம் இல்லாததை எடுத்துப் புதைத்துவிடுங்கள். பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. அப்புறம் நொய், அகலத் தட்டில் கூழாங்கல் போட்ட தண்ணீர். ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கக் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் தடுப்பூசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் முகாமுக்கு மற்ற கோழிகளையும் கொண்டு போங்கள்.

செம்மண்டலத்திலிருந்து மறுபடி: கூண்டில் விட்டு மூன்று நாள் ஆகிறது. இன்னும் கொஞ்சம் உப்புகிறது. பாவமாக இருக்கிறது, திறந்து விடட்டுமா?

இன்று சாயங்காலம் திறந்து பாருங்கள். மண்ணைக் கிளறி மேய ஆரம்பித்தால் அப்படியே விட்டுவிடலாம். நேரே பழைய கூட்டுக்குப் போனால் இன்னும் இரண்டு ராத்திரி கூண்டில் இருக்கட்டும், தீனியில் கொஞ்சம் கம்பு கூட்டிப் போடுங்கள். அந்தப் பழைய கூட்டின் வாயையும் ஒரு பலகையால் அடைத்து வையுங்கள்.