90 விநாடிப் பாட்டுகள்: அனிமே தொடக்கப் பாடல்கள் பற்றிய கேள்வி பதில்

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடத் தொடர்களின் தொடக்கப் பாடல்கள், முடிவுப் பாடல்கள் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். "உலகத்திலேயே சிறந்த பாடல் எது?" என்று கேட்டவர்களை ஒதுக்கி வைத்துவிட்டேன், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. மற்றவர்களுக்குப் பதில்கள் இதோ. கதையின் முடிச்சை அவிழ்க்க வேண்டிய இடங்களில் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறேன்.

தாளக்கட்டை: எந்தத் தொடரை எடுத்தாலும் தொடக்கப் பாடல் ஒரே நீளத்தில் இருக்கிறதே, ஏன்?

ஜப்பானியத் தொலைக்காட்சியில் அரைமணி நேரத் தொடருக்கு நேரம் பங்கிடும்போது தொடக்கத்துக்கு 90 விநாடி, முடிவுக்கு 90 விநாடி என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. முழுப் பாட்டு நான்கு நிமிடம் ஓடும். அதை வெட்டி இந்த அளவுக்குள் அடக்குகிறார்கள். நெருக்கடி இருப்பதால்தான் பாட்டு கூர்மையாகிறது என்பது என் கட்சி.

ஜப்பானிய இசைக்காரர்கள் பாட்டை ஏ மெலடி, பி மெலடி, சபி என்று பிரிப்பார்கள். ஏ மெலடி நிதானமாக ஆரம்பிக்கும். பி மெலடியில் தாளம் மாறும் அல்லது பாதியாகும். கேட்பவருக்கு ஏதோ வரப்போகிறது என்று தோன்றும். சபியில் எல்லாம் திறந்துகொள்ளும். நம் பல்லவி முதலில் வந்து திரும்பத் திரும்ப வருவதுபோல் இல்லாமல், இங்கே பல்லவிக்காகக் காத்திருக்க வேண்டும். சிலர் காத்திருக்கவும் விடமாட்டார்கள். 'நருட்டோ ஷிப்புடென்' தொடரில் 2008-இல் வந்த 'ப்ளூ பேர்ட்' பாட்டைக் கேளுங்கள். முன்னிசை எதுவும் இல்லாமல் இகிமோனோ ககாரி குழுவின் பாடகி நேரே சபியில் குதித்துவிடுகிறார். முதல் விநாடியிலேயே பறவை கூண்டை விட்டுப் போய்விட்டது.

அவசரக்காரன்: 'தொடக்கத்தைத் தவிர்' என்ற பொத்தான் இருக்கும்போது, 12 முறை அதே பாட்டை ஏன் கேட்க வேண்டும்?

தம்பி, உங்களுக்கு ஒரே ஒரு தொடரைச் சொல்கிறேன்: 2011-இல் வந்த 'மடோகா மாஜிகா'. மொத்தம் 12 பகுதிகள். தொடக்கப் பாடல் கிளாரிஸ் பாடிய 'கனெக்ட்'. முதலில் பார்க்கும்போது மந்திரப் பெண்கள் தொடருக்கே உரிய இளஞ்சிவப்பு, பூனை, மழை, தோழிகள். சற்றே சர்க்கரை தூக்கலான பாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாம் பகுதியில் கதை தன் முகத்தைக் காட்டுகிறது. அதன் கடைசியில் கலஃபினாவின் 'மேகியா' என்ற இருண்ட பாட்டு முடிவுப் பாடலாக நுழைகிறது. இசை யூகி கஜியுரா.

இனிமேல் எச்சரிக்கை. பத்தாம் பகுதியில் 'கனெக்ட்' தொடக்கத்தில் வராது, இறுதியில் வரும். வரும்போது, இத்தனை நாள் மடோகாவின் பாட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது அவளுடையது இல்லை என்று புரியும். வாக்குறுதி, மறக்காமை என்று சாதாரணமாகக் காதில் விழுந்த வரிகள் எல்லாம் வேறொருத்தியின் வாயிலிருந்து வருகின்றன. ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஒன்பது முறை தவிர்த்துவிட்டு வந்தவருக்கு இந்த இடத்தில் என்ன கிடைக்கும்? இனிய பாட்டு ஒன்று, அவ்வளவுதான். அனிமே பாட்டின் மேல் ரசிகர்களுக்கு இருக்கும் பித்தின் வேர் இதுதான்: பாட்டு அப்படியே நிற்கிறது, கதை நகர்கிறது, அதனால் பாட்டின் பொருள் வாரா வாரம் மாறுகிறது.

மூன்றாம் பெஞ்ச்: 'இவாஞ்சலியன்' பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1995-இல் வந்த பாட்டை இன்னும் கொண்டாடுகிறார்களே.

'கொடிய தேவதையின் கோட்பாடு' என்று தமிழில் சொல்லலாம். பாடியவர் யோகோ தகஹாஷி, இசை ஹிதெதோஷி சாத்தோ, வரிகள் நேகோ ஓய்கவா. தொடரைச் சரியாகப் பார்க்காமலே இரண்டு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டதாக ஓய்கவாவே சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் ஆழ்ந்த தத்துவம் தேடித் தேடிப் பக்கம் பக்கமாக எழுதிய வரிகள் அவை!

ஆனாலும் வரிகள் பொருந்துகின்றன. பாட்டில் பேசுவது ஒரு பெண். தன்னையே பார்த்துச் சிரிக்கும் சிறுவனைப் பார்த்து, நீ ஒருநாள் பறந்து போய்விடுவாய், புராணமாகிவிடு என்கிறாள். தாய் மகனை விட மனமில்லாமல் விடும் குரல் அது. 14 வயதுப் பையனைப் பெரியவர்கள் ராட்சத இயந்திரத்தில் ஏற்றிப் போருக்கு அனுப்பும் கதைக்கு இதைவிடக் குரூரமான வாழ்த்து இருக்க முடியாது. அந்தக் கதையில் தாய்மார்களுக்கு என்ன இடம் என்பது பின்பாதியில் தெரியும்போது பாட்டு இன்னும் கனக்கிறது.

படத்தொகுப்பையும் கவனியுங்கள். முதல் வரி வரை மெதுவாக, ஏறக்குறைய குரல் மட்டும். பிறகு தாளம் விழுகிறது. அதோடு காட்சிகள் அடிக்கு அடி வெட்டப்படுகின்றன. சில காட்சிகளை நிறுத்திப் பார்த்தால்தான் என்னவென்றே தெரியும். ஒளிநாடா காலத்து ரசிகர்கள் அதையும் செய்தார்கள்.

நிலாப்பித்து: அதே தொடரின் முடிவில் 'ஃப்ளை மீ டு தி மூன்' வரும் என்றார்கள். நெட்ஃபிளிக்ஸில் பார்த்தேன், வரவில்லையே?

2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளில் அந்தப் பாட்டு நீக்கப்பட்டது. அமெரிக்கப் பாட்டு என்பதால் உரிமம் தனி. ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு குரலில், வெவ்வேறு நடையில் வந்த அந்த விளையாட்டு மொத்தமும் போய்விட்டது. பெரிய இழப்பு.

வாய்ப்பாட்டுக்கு எதிரி: பாடலே இல்லாத தொடக்கம் ஏதாவது உண்டா?

'கௌபாய் பீபாப்', 1998. யோகோ கன்னோ இசையமைத்த 'டாங்க்!'. தொடக்கத்தில் ஓர் ஆண்குரல் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவதோடு பேச்சு தீர்ந்தது. பிறகு பித்தளைக் கருவிகள் ராஜ்யம். இயக்குநர் ஷினிச்சிரோ வதனபே கேட்காத இசையையும் கன்னோ தானாகவே எழுதிக் கொடுப்பாராம். அதைக் கேட்டு இவர் காட்சிகளை யோசிப்பாராம்.

அடுத்த முறை பார்க்கும்போது நிழலுருவங்களின் பின்னால் ஓடும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். 1941-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற விடுதியில் ஜாஸ் கலைஞர்கள் இரவிரவாக வாசித்துப் புதிய நடையைக் கண்டுபிடித்த கதை அங்கே எழுதியிருக்கிறது. தொடர் தன்னைப் பற்றி அடிக்கும் தம்பட்டமும் கூடவே இருக்கிறது: இந்தப் படைப்பே ஒரு புதிய வகையாகும் என்று. இவ்வளவு திமிர் வேறு யாருக்கு வந்திருந்தாலும் எரிச்சலாக இருந்திருக்கும்.

கூடைப்பந்து: 'ஸ்லாம் டங்க்' தொடக்கப் பாடலில் கூடைப்பந்தே இல்லை. காதலிக்கிறேன் என்று கத்த வேண்டும் என்கிறான். யார் ஒப்புக்கொண்டது?

வணிகம் ஒப்புக்கொண்டது. 80களிலிருந்தே இசை நிறுவனங்கள் தங்கள் குழுக்களின் பாட்டைத் தொடர்களோடு இணைத்து விற்றன. 1993-இல் வந்த இந்தப் பாட்டும் அந்த வழியில் வந்ததுதான். இப்போதும் பல தொடர்களின் தயாரிப்பில் இசை நிறுவனத்தின் பணம் இருக்கிறது. பாட்டு அங்கிருந்து வருகிறது.

ஆனால் முட்டாள்தனமாக ஒரு பெண்ணின் பின்னால் போய் ஆட்டத்துக்குள் விழுந்த ஹனமிச்சிக்கு அந்தப் பாட்டு பொருந்தவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதில் ஒரு கணம் வரும் கடலோர ரயில் கேட், கமகுராவில் எனோடென் ரயில் பாதையில் உண்மையாகவே இருக்கிறது. அங்கே நின்று படம் எடுக்கும் கூட்டத்தால் ஊர்க்காரர்கள் படும் பாடு தனிக்கதை.

கீபோர்டு மாணவி: பல பாட்டுகளில் ஒரே வகை ஏக்கம் வருகிறது. கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா?

இருக்கிறது. சி ஸ்கேலில் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர் என்று வாசித்துப் பாருங்கள். ஜப்பானில் இதை 'ராஜபாட்டை' என்ற பொருளில் அழைக்கிறார்கள். எஃப், ஜி என்று ஏறியதும் காது சி என்ற வீட்டுக்காகக் காத்திருக்கும். அது வராது. ஈ மைனருக்குத் திரும்பி, ஏ மைனரில் இறங்கிவிடும். வீட்டுக்குப் போகாமலேயே சுற்றிக்கொண்டிருப்பதுதான் அந்த ஏக்கம். சபியில் இதைப் பயன்படுத்தாத இசையமைப்பாளர் அங்கே அபூர்வம்.

பின்னிரவு: முடிவுப் பாடல்களை யாரும் மதிப்பதில்லையே.

மதிக்கிறார்கள், ஐயா. 1987-இல் 'சிட்டி ஹண்டர்' ஒரு காரியம் செய்தது. கதையின் கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே டி.எம். நெட்வொர்க்கின் 'கெட் வைல்ட்' அடியிலிருந்து எழும்பும். வசனம் முடியும், காட்சி உறையும், பாட்டு கைப்பற்றிக்கொள்ளும். கதைக்கும் பாட்டுக்கும் நடுவே கோடு இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். இசை தெட்சுயா கொமுரோ.

2011-இல் வந்த 'அனோஹனா' தொடரும் அதே வித்தையைச் செய்தது. அதன் 'சீக்ரெட் பேஸ்' ஸோன் என்ற பெண்கள் குழு 2001 ஆகஸ்டில் வெளியிட்ட பாட்டு. பாட்டில், பிரியும் நண்பர்கள் பத்து வருடம் கழித்து ஆகஸ்டில் சந்திக்கலாம் என்பார்கள். கலைந்துபோன அந்தக் குழுவும் 2011 ஆகஸ்டில் மறுபடி ஒன்றுகூடியது. கதாசிரியன் எழுதியிருந்தால் மிகை என்று அடித்துவிடுவோம்.

தாத்தாவின் பேரன்: முதல் அனிமே பாட்டு எது?

'முதல்' என்று அடித்துச் சொல்வதில் தகராறு வரும். முக்கியமான தொடக்கம் 1963-இன் 'ஆஸ்ட்ரோ பாய்'. இசை தட்சுவோ தகாய். வரிகளை எழுதியவர் ஜப்பானின் பெருங்கவி ஷுன்தாரோ தனிகாவா. டோக்கியோவின் தகடனோபாபா ரயில் நிலையத்தில் ரயில் புறப்படும்போது அந்த மெட்டுதான் ஒலிக்கும். அந்த இயந்திரச் சிறுவன் பிறந்த இடம் கதைப்படி அந்தப் பகுதி. பிறகு 1972-இல் 'மசிங்கர் Z' வழியாக இச்சிரோ மிசுகி வந்தார். 1999-இல் 24 மணி நேரத்தில் 1,000 பாட்டு பாடிக் காட்டிய மனிதர். 2022 டிசம்பரில் மறைந்தார்.

அல்காரிதம்: இப்போதைய பாட்டுகள் எல்லாம் இணையத்தில் பரவுவதற்காகவே செய்யப்படுகின்றன என்பது என் குற்றச்சாட்டு. 'ஐடல்' உட்பட.

பரவியது உண்மைதான். 'ஓஷி நோ கோ' தொடருக்காக யோவாசோபி செய்த 'ஐடல்' 2023-இல் பில்போர்டு இதழின் அமெரிக்கா நீங்கிய உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஜப்பானிய மொழிப் பாட்டு ஒன்று அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. ஆனால் முழுப் பாட்டையும் கேட்டீர்களா? முதல் சரணம் கதையில் வரும் நட்சத்திரப் பாடகியை ரசிகர்களின் கண்ணால் பார்க்கிறது. இரண்டாவது, அவள் பக்கத்தில் நின்று வெளிச்சம் கிடைக்காமல் போன சக பாடகிகளின் கசப்பு. கடைசியில்தான் அவளே பேசுகிறாள். தொலைக்காட்சியின் 90 விநாடியில் முதல் பங்கு மட்டுமே கிடைக்கும். குற்றப்பத்திரிகையைத் திரும்பப் பெறுங்கள்.

வில்லன் ரசிகை: வில்லன் தொடக்கப் பாடலிலேயே புகுந்த கதை உண்டா?

'ஜோஜோ'. மூன்றாம் கதையின் இறுதிப் பகுதிகளில், காலத்தை நிறுத்தும் சக்தி கொண்ட டியோ, தொடக்கப் பாடலையே நடுவில் நிறுத்திவிடுவான். நான்காம் கதையில் காலம் பின்னோக்கிப் போகும் கட்டத்தில் பாட்டும் தலைகீழாக ஓடும். தவிர்ப்புப் பொத்தானை அழுத்தியவருக்கு இதுவும் போச்சு.

குளியலறைப் பாடகர்: ஜப்பானியம் தெரியாது. கரோக்கேயில் பாட ஆசை. தேறுவேனா?

தமிழ் வாய்க்கு வசதியான மொழிதான். குறில், நெடில் வேறுபாடு அங்கேயும் உண்டு. அதைத் தப்பாமல் பிடிப்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஒன்றில் மட்டும் கவனம். நம் இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அங்கே 'ன்' ஒற்றுக்கு முழு மாத்திரை. 'டென்ஷி' என்பதை டெ, ன், ஷி என்று மூன்றாக எண்ண வேண்டும். பாட்டில் அந்த ஒற்றுக்கும் பெரும்பாலும் தனி இடம் இருக்கும். அதை விழுங்கினால் தாளம் தப்பும்.

1979-இன் 'டோரேமான்' பாட்டில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் லிசாவின் 'குரேங்கே' வேண்டாம். அதில் மூச்சு விட இடம் தேட வேண்டும். தெம்பாகத் தொடங்கும் பலர் இரண்டாம் சரணத்தில் ஒலிவாங்கியை நண்பரிடம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.