செயற்கைக்கோள் மழைத் தரவை நேரவாக்கில் அடுக்குவது: கேள்வி பதில்

செயற்கைக்கோள்களை வைத்து நாசா தரும் ஐமெர்க் (IMERG) மழைத் தரவைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: சார், சென்னைக்கு மட்டும் 20 ஆண்டு மழை வேண்டும். நிரல் இரண்டு நாளாக ஓடுகிறது. எங்கே தவறு?

பதில்: நிரலில் தவறில்லை, தரவு அடுக்கியிருக்கும் விதம் அப்படி. ஐமெர்க்கில் அரை மணிக்கு ஒரு கோப்பு. ஆண்டுக்கு 17,520, இருபது ஆண்டுக்கு மூன்றரை லட்சம். ஒவ்வொன்றிலும் உலகம் முழுவதும் 0.1 பாகைக் கட்டங்களாக 64,80,000 எண்கள். மூன்றரை லட்சம் நாட்காட்டித் தாள்களைப் புரட்டி, ஒவ்வொன்றிலும் ராகுகாலத்தை மட்டும் படிப்பது போன்ற வேலை இது. அதை ஒரே ஒரு முறை செய்யுங்கள். முதலில் தமிழ்நாட்டை வெட்டி எடுங்கள். அட்சரேகை 8 முதல் 14, தீர்க்கரேகை 76 முதல் 81 என்றால் 3,000 கட்டங்கள்தான். இருபது ஆண்டும் சேர்ந்து சுமார் 4 ஜிபி. அப்புறம் அதை ஜார் (Zarr) என்ற, தரவைத் துண்டு துண்டாகச் சேமிக்கும் வடிவில், பரப்பில் சிறியதாகவும் காலத்தில் நீளமாகவும் துண்டு போட்டு எழுதுங்கள். இருபதுக்கு இருபது கட்டம், ஒரு மாதம் என்று வைத்தால் ஒரு துண்டு 2.3 எம்பி வரும். ஐமெர்க்கில் தீர்க்கரேகைதான் முதலில் வரும், அட்சரேகை அதற்குப் பிறகு. வெட்டும்போது கவனம்.

கேள்வி: இப்படி அடுக்கினால் மாத வரைபடம் போடுவது மெதுவாகாதா?

பதில்: பெரிதாக ஆகாது, ஒரு மாதத்துக்குச் சில துண்டுகளைப் படித்தால் போதும். அடிக்கடி போடுவதென்றால் மாதக் கூட்டுத்தொகையைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், இடம் அதிகம் பிடிக்காது.

கேள்வி: அண்ணா, நான் கூட்டிய நாள் மழை வானிலைத் துறையின் அளவோடு கொஞ்சமும் ஒத்துவரவில்லை.

பதில்: செயற்கைக்கோள் தருவது மதிப்பீடு, மழைமானியோடு அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனாலும் மூன்று இடங்களைப் பாருங்கள். வானிலைத் துறையின் நாள் காலை 8.30க்கு முடிகிறது, அதாவது உலக நேரம் 03.00. நள்ளிரவில் வெட்டினால் ஒரு மழை இரண்டு நாளாகப் பிரிந்துவிடும். அடுத்து, ஐமெர்க் எண் மணிக்கு எத்தனை மி.மீ. என்பது, அரை மணிக் கோப்பைக் கூட்டும்போது பாதியாக்க வேண்டும். விடுபட்ட இடத்தில் -9999.9 இருக்கும். அதைச் சுழியமாக மாற்றாதீர்கள், மழை பெய்யாத நாளாகிவிடும்.

கேள்வி: இறுதித் தரவு வர மூன்று மாதத்துக்கு மேலாகிறது. கடைசி மாதங்களுக்கு, இறுதித் தரவுக்கு முன்பே வெளியாகும் லேட் (Late) தரவை ஒட்டலாமா?

பதில்: வெள்ள எச்சரிக்கைக்கு அதையே பயன்படுத்துங்கள். நீண்டகாலப் போக்கைக் கணக்கிடும் தொடரில் ஒட்டவே கூடாது. இறுதித் தரவு மழைமானிகளை வைத்துச் சரிசெய்யப்பட்டது. இரண்டையும் ஒட்டினால் ஒட்டிய இடத்தில் அளவு திடீரென ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். அது காலநிலை மாற்றம் போலவே தெரியும். ஐமெர்க்கின் பதிப்பு 6, பதிப்பு 7 இரண்டையும் கலப்பதும் இப்படித்தான். பதிப்பு எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.