அதிபரின் கணக்கை முடக்க இவர்கள் யார்?

கேள்வி: அமெரிக்காவில் பேச்சுரிமை அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. பதவியில் இருந்த டிரம்பின் கணக்கை ட்விட்டர் எப்படி முடக்கியது?
- வாசகர், திருநெல்வேலி

அந்த உரிமை அரசிடமிருந்து குடிமகனைக் காப்பதற்கானது. அதைத் தரும், அரசியல் சாசனத்தின் முதல் சட்டத் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டிப்போடுகிறது; ட்விட்டர் அரசு அல்ல. டிரம்ப் தொடுத்த வழக்கு 2022 மே மாதம் கலிஃபோர்னியாவில் தள்ளுபடியானதும் இதனால்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தன்னை விமர்சித்தவர்களை டிரம்ப் ட்விட்டரில் பிளாக் செய்தது பேச்சுரிமை மீறல் என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அப்போது அவர்தானே அரசு! பதவி போனதும் வழக்கே பொருளற்றதாகி, அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

கேள்வி: அப்படி என்னதான் எழுதினார்? கலவரத்துக்கு அழைத்தாரா?
- வாசகர், கோவை

படித்தால் ஏமாந்துபோவீர்கள். 2021 ஜனவரி 8 அன்று இரண்டு பதிவுகள். தனக்கு வாக்களித்த ஏழரைக் கோடித் தேசபக்தர்களின் குரல் ஓங்கி ஒலிக்கும், அவர்களை யாரும் அவமதிக்க முடியாது என்பது ஒன்று. அடுத்த அதிபரின் ஜனவரி 20 பதவியேற்பு விழாவுக்குப் போகமாட்டேன் என்பது மற்றொன்று. இதற்கா தடை என்று கேட்கத் தோன்றும். ஆனால், அமெரிக்க நாடாளுமன்றமான கேபிடல் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர்களின் கும்பல் புகுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் வராத விழா என்றால் துணிந்து தாக்கலாம் என்று ஆதரவாளர்களில் சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது ட்விட்டர் தந்த விளக்கம்.

தடை சரி என்றே நினைக்கிறேன். கோணல் காரணத்தில் இருக்கிறது. கலவரம் நடந்த அன்றே எழுதியவற்றுக்கு 12 மணி நேர முடக்கம். அவற்றைவிடச் சாதுவான இரண்டுக்கு நிரந்தரத் தடை. மறுபடி விதியை மீறினால் நிரந்தரம்தான் என்று எச்சரித்திருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் ஜனவரி 6 பதிவுகளுக்கே நேரடியாகத் தண்டனை கொடுத்திருந்தால், வரிகளுக்கு நடுவே பொருள் தேட வேண்டியிருந்திருக்காது.

கேள்வி: தடை என்றால் ஆயுளுக்கும் தடையா?
- வாசகர், ஈரோடு

இந்த இடத்தில் பேஸ்புக் கதையைப் பாருங்கள். அங்கே டிரம்பின் கணக்கை 'காலவரையின்றி' முடக்கினார்கள். அவர்களே அமைத்த மேற்பார்வைக் குழு 2021 மே 5 அன்று, முடக்கியது சரி, காலவரையின்றி என்பது தவறு, அப்படியொரு தண்டனை உங்கள் விதிகளிலேயே இல்லையே என்று குட்டியது. பிறகுதான் இரண்டு ஆண்டு என்று கெடு வைத்தார்கள்; 2023 தொடக்கத்தில் கணக்கு திரும்பக் கிடைத்தது. முன்கூட்டி எழுதிவைத்த விதி, கெடு, முறையிட ஓர் இடம்: இவை இருந்தால் அதிபரையும் முடக்கலாம், இல்லையென்றால் என்னையும் உங்களையும்கூட முடக்கக் கூடாது.

ட்விட்டரில் நடந்ததோ கூத்து. கம்பெனியை வாங்கிய எலான் மஸ்க் 2022 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்தார், 51.8 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள், கணக்கு வந்துவிட்டது. இரண்டு சதவீதம் மாறி விழுந்திருந்தால் வந்திருக்காது.

கேள்வி: தளங்கள் இப்படி முடக்குவதை அரசே சட்டம் போட்டுத் தடுத்துவிடலாமே?
- வாசகர், சேலம்

ஃபுளோரிடா முயன்றது. மாநில அளவிலான பதவிக்குப் போட்டியிடுபவரைச் சமூக ஊடகத் தளம் நீக்கினால் நாளொன்றுக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம் என்று 2021இல் சட்டம். அதில் பொழுதுபோக்குப் பூங்கா நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு! டிஸ்னி வேர்ல்டு இருக்கும் மாநிலம் அல்லவா. நீதிமன்றம் சட்டத்துக்குத் தடை போட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கீழே திருப்பி அனுப்பினாலும், எதை வைப்பது, எதை எடுப்பது என்று தளங்கள் தீர்மானிப்பதும் ஒருவகைக் கருத்து வெளிப்பாடே என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள்.

கோபக்கார அரசு என்ன செய்யும் என்று நைஜீரியா காட்டியது. 2021 ஜூனில் அதிபர் புஹாரியின் ஒரு பதிவை ட்விட்டர் நீக்கியது. நாடு முழுக்க ட்விட்டரையே ஏழு மாதம் நிறுத்திவைத்தார்கள்.

கேள்வி: நம் நாட்டில்?
- வாசகர், மதுரை

தெலங்கானா பாஜக எம்.எல்.ஏ. ராஜா சிங்கை 2020இல் பேஸ்புக் நீக்கியது. மறு ஆண்டு ராகுல் காந்தியின் ட்விட்டர் கணக்கு சில நாள் பூட்டப்பட்டது. எனக்குக் கூடுதல் கவலை தருவது வேறு: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி அரசு பிறப்பிக்கும் முடக்க உத்தரவுகள் ரகசியமானவை. கம்பெனி செய்தால் காரணமாவது வெளியே வருகிறது.

கேள்வி: டிரம்ப் போட்ட வழக்குகள் கடைசியில் என்னவாயின?
- வாசகர், தஞ்சாவூர்

2025இல் அவர் மீண்டும் அதிபரானதும் சமரசம் ஆயின. பேஸ்புக்கின் மெட்டா 2.5 கோடி டாலர், யூடியூப் 2.45 கோடி டாலர் கொடுத்தன. எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரும் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது, கீழ் நீதிமன்றத்தில் தான் ஜெயித்த வழக்குக்கு.