அத்தைக்குச் சொன்னீர்களா?

கேள்வி: சேலம் குகைப் பகுதியில் தாத்தா சொந்தமாகக் கட்டிய வீடு எங்களுடையது. திண்ணை, முற்றம், தேக்குத் தூண், மரச்சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் ஒட்டு மேல்தளம் எல்லாம் உண்டு. திண்ணையையும் முன்கட்டையும் இடித்துக் கடை கட்ட அண்ணனும் நானும் முடிவு செய்திருக்கிறோம். போன மாதம் பழைய கட்டடங்களைக் கணக்கெடுப்பதாக இரண்டு பேர் வந்து படம் எடுத்துப் போனார்கள். பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஆணிகூட அடிக்க முடியாதாம். தாத்தா 1971-இல் உயில் எழுதாமல் காலமானார். அவருக்கு அப்பாவும் அத்தையும்தான் பிள்ளைகள். பாட்டியும் அப்பாவும் இப்போது இல்லை. எங்களோடு இருக்கும் அத்தை ஆடி முடிந்து ஆத்தூரில் மகள் வீட்டுக்குப் போவார். அந்த வாரத்திலேயே இடித்துவிட்டால் பிரச்சினை வராதுதானே?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: பட்டியல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைக்கத் தமிழ்நாடு 2012-இல் சட்டம் இயற்றியது. படம் எடுத்துப் போனதாலேயே வீடு பட்டியலில் ஏறிவிடாது. ஏறினாலும் ஆணி அடிக்கலாம். நம் நாட்டில் பட்டியலிடும் ஊர்களில் பெரும்பாலும் மூன்று தரம் வைக்கிறார்கள். முதல் தரத்தில்தான் உள்ளும் புறமும் கைவைக்க விடமாட்டார்கள். மூன்றாம் தரமென்றால் முகப்பு கெடாமல் உள்ளே குளியலறை கட்டலாம், வயரிங் மாற்றலாம். பட்டியல் இல்லாவிட்டாலும் இடிக்க மாநகராட்சி அனுமதி வேண்டும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ போய், அதன் நுழைவு வளைவு மட்டும் தனியாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதனால் அந்த இரண்டு பேர் வந்ததில் எனக்குச் சந்தோஷமே.

சரி, நான் கேட்கிறேன். அத்தை ஊரில் இல்லாத வாரம் எதற்கு? அதிகாரியைப் பற்றி உங்களுக்கு அத்தனை கவலை. அத்தையைப் பற்றி ஒரே கவலை, அவர் எப்போது கிளம்புவார் என்பது. தூசி தும்புக்காக அனுப்புகிறோம் என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கடப்பாரை போட முடியாது என்று உங்களுக்கே தெரியும்.

'அண்ணனும் நானும் முடிவு செய்திருக்கிறோம்' என்கிறீர்களே, யார் வீட்டை? உயில் இல்லாமல் போனவரின் சொந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு தந்த 2005 திருத்தம் வரை போக வேண்டியதில்லை. பாதி வீடு அத்தையுடையது. தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திருந்தால் அதைத்தான் முதல் வரியில் போட்டிருப்பீர்கள். அவர் பங்கு கேட்டு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கும் பெண்களிடமிருந்து எனக்கு எத்தனையோ கடிதம் வருகிறது. வாய் திறக்காதவர் பங்கை எடுத்துக்கொள்வதும் திருட்டுத்தான், தம்பி.

குகையில் ஆடி மாதம் வண்டி வேடிக்கை என்றால் திண்ணை வீட்டில் என்ன கூட்டம் இருக்கும்! சாமி வேஷம் கட்டியவர்களோடு வண்டி தெருவில் நுழையும்போது விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக் குழந்தைகள், தூணில் சாய்ந்து பெரியவர்கள், கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்த பெண்கள். இந்த வருஷமும் அத்தையை அங்கே உட்காரவைத்து வேடிக்கை காட்டிவிட்டு, பிறகு ஆத்தூர் பஸ் ஏற்றிவிட்டு, அந்தத் திண்ணையை இடிப்பீர்களா?

வருமானம் தேவைதான், மறுக்கவில்லை. திண்ணையும் தூணும் அப்படியே இருக்க, முன்கட்டு அறையை மட்டும் கடைக்கு விடலாம். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் காரை உதிரும், சுவருக்குள் இருக்கும் உத்திரத்தின் முனை உளுத்துப்போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இன்று ராத்திரியே அண்ணனையும் கூட்டிக்கொண்டு அத்தை எதிரில் உட்காருங்கள். என்ன செய்ய நினைத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வாடகையில் பாதி அவருக்கு என்பதையும் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை வைத்திருக்காதீர்கள். சம்மதித்தால் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு மாநகராட்சியில் மனு கொடுங்கள். வேண்டாம் என்றால் கடைக்கு வேறு இடம் பாருங்கள்.