இ.இ.ஜி. அறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தம்பிக்கு மனநல டாக்டர் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) எழுதிக் கொடுத்திருக்கிறார். தலையில் கரண்ட் வைப்பார்கள் என்று அம்மா அழுகிறார். ராத்திரி தூங்கவிடாமல் கூட்டி வரச் சொன்னது ஏன்? (வாசகி, ஏற்காடு)

அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்த மெஷினிலிருந்து தலைக்குள் எதுவும் போகாது. மூளையில் தானாக எழும் மின் அலைகளைத் தோலின் மேலிருந்து வாங்கி, பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஷாக் சிகிச்சை வேறு விஷயம். அதையும் மயக்க மருந்து இல்லாமல் செய்யக்கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

தூக்கம் கெட்டிருந்தால் வலிப்புக்கான அலைகள் தலைகாட்ட வாய்ப்பு அதிகம். அதனால்தான் விழித்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தம்பியை வண்டி ஓட்ட விடாதீர்கள். நன்றாகத் தூங்கிய ஒருவர் துணையோடு பஸ்ஸில் வரட்டும். முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரவேண்டும். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இ.இ.ஜி. டெக்னீசியன் படிக்க ஆசை. மனநல கிளினிக்கில் வேலை எப்படி இருக்கும்? பட்டனைத் தட்டுவதுதானே என்கிறார்கள். (வாசகி, அம்மாப்பேட்டை)

பட்டனுக்கு முன்னால்தான் வேலையே இருக்கிறது. மூக்கின் மேல்பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப்பால் அளந்து, 10, 20 சதவீத இடைவெளிகளில் குறியிட வேண்டும். அந்தந்த இடத்தில் முடியை விலக்கி, தோலைத் தேய்த்து, பேஸ்ட் வைத்து, அலையை வாங்கும் 21 எலக்ட்ரோடுகளை (சின்ன உலோக வில்லைகளை) ஒட்ட வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் அலை பொய் சொல்லும். கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் திரையில் அலைக்கோடு துள்ளும். சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்வையே கோட்டை மெதுவாக ஏற்றி இறக்கும். எது எப்போது நடந்தது என்று உடனுக்குடன் குறித்து வைப்பவர்தான் நல்ல டெக்னீசியன்.

கண்ணை மூடியதும் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 வரை ஆல்ஃபா அலைகள் வரிசைகட்டி வரும், திறந்ததும் அடங்கும். 1924இல் மனித மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர், அவரும் ஒரு மனநல மருத்துவர், கவனித்துச் சொன்னது இது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அப்புறம், மனநல கிளினிக்குக்கென்று ஒரு பக்குவம் வேண்டும். யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று நம்புகிறவருக்கு இத்தனை வயர்கள் எப்படித் தெரியும்? நான் முதலில் ஒரு எலக்ட்ரோடை என் கையில் ஒட்டிக் காட்டுவேன், பிறகு அவர் கையில் கொடுப்பேன். கேட்காமல் தலையைத் தொடமாட்டேன். இன்று வேண்டாம் என்றால், சரி, இன்னொரு நாள். இந்தப் பொறுமை இருந்தால் வாருங்கள்.

கலர் கலராக பிரெய்ன் மேப்பிங் எடுத்து, மனச்சோர்வு என்று சொல்லி சிகிச்சை பேக்கேஜுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? (வாசகர், அஸ்தம்பட்டி)

கட்டாதீர்கள். இ.இ.ஜி. அலைகளைக் கணக்கிட்டு வரையும் அந்தக் கலர் படத்தை மட்டும் வைத்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது. உங்களோடு உட்கார்ந்து பேசித்தான் டாக்டர் அதைக் கண்டறிவார். வலிப்போ, குழப்பநிலையோ பின்னால் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எங்களிடம் அனுப்புவார்.

எடுத்து முடித்ததும் 'எப்படி இருக்கு' என்று கேட்டேன். டெக்னீசியன் சொல்லவே இல்லை. பெரிய கோளாறா? (வாசகர், ஓமலூர்)

அப்படி அர்த்தமில்லை. சொல்லாமல் இருப்பதுதான் முறை. வலிப்பு உள்ளவருக்கே ஒருமுறை எடுத்த இ.இ.ஜி. நார்மலாக வருவதுண்டு. டெக்னீசியன் 'நல்லா இருக்கு' என்று சொல்லி, நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டால்? ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள்.