கம்பி பளபளக்குது, நம்பலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணே, லங்காவியில, 1984ல கட்டின 28 அடி ஃபைபர் பாய்ப்படகு ஒண்ணு வாங்கிருக்கேன். மாஸ்ட்டை (பாய்மரத்தை) பிடிச்சிருக்குற கம்பிங்களை எப்போ மாத்தினதுன்னு வித்தவருக்கே தெரியல. பாக்க பளபளன்னுதான் இருக்கு, கீழ் முனையில மட்டும் லேசா பழுப்பு கறை. இருக்குற காசுல முதல்ல டைனீமா கயிறு (ரொம்ப பலமான செயற்கை இழைக் கயிறு) வாங்கி, காக்பிட்ல (படகை ஓட்டுற இடத்துல) நின்னபடியே பாய் ஏத்துற மாதிரி செஞ்சுக்கலாமா?

பதில்: தம்பி, கயிறு அப்புறம் பாக்கலாம். "மட்டும்"னு எழுதிருக்கீங்களே, அந்த பழுப்பு கறைதான் எனக்கு பயமா இருக்கு. ஸ்டெயின்லெஸ் துரு பிடிக்காம இருக்குறது அதுமேல இருக்குற மெல்லிசான குரோமியம் ஆக்சைடு படலத்தால, அந்த படலம் உரிஞ்சா திரும்ப வளர ஆக்சிஜன் வேணும். ஷ்ரௌட் கம்பியோட, அதாவது மாஸ்ட்டை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்குற கம்பியோட, கீழ் ஸ்வேஜை பாருங்க, குழாய்க்குள்ள கம்பியை விட்டு நெரிச்சு வச்சிருப்பாங்க, வாய் மேல பாத்து இருக்கும், கம்பி வழியா இறங்குற உப்புத்தண்ணி நேரா அதுக்குள்ளதான் போகுது. உள்ள காத்து போகாது, தண்ணி தேங்கி நிக்கும், வெளிய பளபளன்னு இருக்கும்போதே உள்ள அரிச்சுக்கிட்டு இருக்கும். உங்க பக்கத்து வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இது இன்னும் வேகமா நடக்கும்.

போன வருஷம் ஒரு ஸ்வேஜை நல்லா துடைச்சு லென்ஸ் வச்சு பாத்தேன், ஒண்ணுமே தெரியல. கிராக் பாக்குற சிவப்பு டை அடிச்சு, கொஞ்ச நேரம் ஊற விட்டு துடைச்சு, மேல வெள்ளை டெவலப்பர் அடிச்சதும் அந்த வெள்ளையில முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு கசிஞ்சு வந்துச்சு, வாயிலேர்ந்து கீழ வரைக்கும். அந்த படகுல அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு குடும்பமே சவாரி போய்ட்டு வந்திருந்தாங்க. இப்ப நினைச்சாலும் உடம்பு சிலிர்க்குது.

இந்த மாதிரி கம்பிக்கு பொதுவா 10லேர்ந்து 15 வருஷம்னு கணக்கு, 10 வருஷம் தாண்டினாலே கேள்வி கேக்குற இன்சூரன்ஸ்காரங்க உண்டு. வயசே தெரியாத கம்பின்னா மாத்திடுங்க, யோசிக்காதீங்க. கையோட செயின்பிளேட்டையும் (கம்பியை படகோட உடம்புல பிடிச்சு வைக்கிற பட்டை) கழட்டி வெளிய எடுத்து பாருங்க. டெக்குக்கு மேலயும் கீழயும் நல்லா இருக்கும், டெக் தடிமனுக்குள்ள மறைஞ்சிருக்குற அந்த ரெண்டு விரல்கடை இடம்தான் அரிச்சு மெலிஞ்சு போயிருக்கும். புது கம்பி போட்டு பழைய செயின்பிளேட்டை அப்படியே விட்டா செலவு பண்ணினதுல அர்த்தமே இல்ல.

ஸ்வேஜ் மெஷின் இல்லாமலே நீங்களே செய்யலாம். ஸ்டா-லாக் மாதிரி திருகி மூடுற டெர்மினல் (கம்பி முனையில மாட்டுறது) இருக்கு. 1×19 கம்பியில, அதாவது 19 இழை முறுக்கின கம்பியில, வெளிய 12 இழை, உள்ள 7 இழை. வெளி இழையை பிரிச்சு, உள் 7 மேல கோனை (கூம்பு வடிவ துண்டை) சொருகி, 12 இழையும் கோனை சுத்தி சமமா படியுதான்னு பாத்து இறுக்கணும், கடைசியா மூடும்போது உள்ள சீலன்ட் நிரப்பிட்டா தண்ணி நிக்க இடமே இருக்காது. மாஸ்ட் நிக்கும்போதே மாத்துறதா இருந்தா ஒரு நேரத்துல ஒரே ஒரு கம்பிதான், அதுவும் ஹேலியர்டை (பாய் ஏத்துற கயிறை) அந்த பக்கம் இழுத்து இறுக்கி கட்டின பிறகு.

கேள்வி: எங்க பழைய படகுல ஹேலியர்ட் மேல் பாதி கம்பி, கீழ் பாதி கயிறு. முழுசா டைனீமாவுக்கு மாறலாமா? (சிங்கப்பூர்)

பதில்: தாராளமா மாறலாம். நம்ம மீனவங்க ஆஞ்சான்னு சொல்ற பாய் ஏத்துற கயிறுதான் இது, காத்து அடிக்கும்போது இழுபட்டு நீளக்கூடாது, அதுக்கு டைனீமா ரொம்ப நல்லது. ஆனா மாஸ்ட் உச்சியில இருக்குற கப்பியை முதல்ல பாருங்க, பல வருஷமா கம்பி ஓடி பள்ளமும் பிசிறுமா இருந்தா புது கயிறை அறுத்துடும், கப்பியையும் சேத்து மாத்திடுங்க. டைனீமா வழுக்கும், முடிச்சு போட்டா பலமும் குறையும், அதனால ஸ்ப்ளைஸ்தான் (கயிறு நுனியை அதே கயிறுக்குள்ள புதைச்சு கண்ணி போடுறது) பண்ணணும். உறையில்லாத 12 இழை பின்னல்னா உள்ள புதைக்கிற நீளம் கயிறு தடிமனைப்போல 72 மடங்கு, 8 மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்ட 58 சென்டிமீட்டர். உள்ள போற நுனியில இழையை கொஞ்சம் கொஞ்சமா வெட்டி கூராக்க மறக்காதீங்க.

கேள்வி: புது ஷ்ரௌட் போட்டாச்சு, டென்ஷன் கேஜ் (இறுக்கம் அளக்குற கருவி) இல்ல. எவ்வளவு இறுக்கணும்? (பினாங்கு)

பதில்: 1×19 கம்பின்னா தடிமன் எதுவா இருந்தாலும் 2 மீட்டர் நீளத்துல 1 மில்லிமீட்டர் நீண்டா அது அறுபடுற பலத்துல 5 சதவீதம். கையால மட்டும் இறுக்கி வச்சிட்டு, 2 மீட்டர் நேர் குச்சி ஒண்ணை எடுத்து அதோட மேல் நுனியை மட்டும் கம்பியில டேப் போட்டு ஒட்டுங்க, கீழ் நுனி வர்ற இடத்துல கம்பியில ஒரு குறி. டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்குற திருகை) திருக திருக குச்சிக்கும் குறிக்கும் நடுவுல இடைவெளி விழும். உச்சிக்கு போற ஷ்ரௌடுக்கு 3லேர்ந்து 4 மில்லிமீட்டர், அதாவது 15லேர்ந்து 20 சதவீதம். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா திருகுங்க, மரை காய்ஞ்சு இருந்தா ஸ்டெயின்லெஸ் ஒண்ணோட ஒண்ணு கடிச்சு நின்னுடும், லானோலின் தடவிட்டு திருகுங்க. புது கம்பி முதல் சில பயணத்துல கொஞ்சம் படியும், அதனால திரும்பி வந்ததும் ஒருதடவை அளந்து பாத்துட்டு ஸ்பிலிட் பின்னை (டர்ன்பக்கிள் தானா திரும்பாம தடுக்குற ஊசியை) லேசா விரிச்சு, பாய்த் துணி கிழியாம மேல டேப் சுத்துங்க.